கம்பெனிச் சம்பளம், களத்தில் ஆட்டம்: எம்.ஜே. கோபாலன் என்ற இரட்டை ஆட்டக்காரர்

பேஸ்பால் வரலாற்றுப் புத்தகங்களில் அடிக்கடி வரும் ஒரு துணுக்கு இது. 1867ல் வாஷிங்டன் நகரத்து 'நேஷனல்ஸ்' அணியில் ஜார்ஜ் ரைட் என்று ஒரு இருபது வயசுப் பையன் இருந்தார். அந்தக் காலத்தில் பேஸ்பால் ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது என்று விதி. அதனால் ஆட்டக்காரர் எல்லாரும் 'எங்கேயோ குமாஸ்தா' என்று பேருக்கு ஒரு வேலையைக் காட்டுவார்கள். ஜார்ஜ் ரைட்டும் அரசாங்க குமாஸ்தா என்று பதிவாகியிருந்தார். அவர் வேலை பார்ப்பதாகக் கொடுத்த முகவரியில் கட்டடம் எதுவும் இல்லை. அது ஒரு பூங்கா!

இரண்டு வருஷம் கழித்து இந்த நாடகம் முடிவுக்கு வந்தது. 1869ல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி, 'ஆமாம், எங்கள் ஆட்டக்காரர் எல்லாருக்கும் சம்பளம் தருகிறோம்' என்று வெளிப்படையாகவே இறங்கியது. ஜார்ஜ் ரைட்டின் அண்ணன் ஹாரி ரைட்தான் அந்த அணியை நடத்தியவர். அண்ணனுக்குச் சம்பளம் 1,200 டாலர், தம்பிக்கு 1,400. தம்பி ஆடிய இடம் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நின்று தரையோடு வருகிற பந்தை எல்லாம் பிடிக்க வேண்டிய இன்ஃபீல்டர். அந்த வருஷம் அந்த அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

இன்னொரு சுவாரசியம், இந்த ரைட் சகோதரர்களின் அப்பா ஒரு கிரிக்கெட்காரர். இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போய், அங்கே ஒரு கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடியவர். பிள்ளைகளும் கிரிக்கெட் ஆடித்தான் வளர்ந்தார்கள்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. நம்ம பக்கம், அதுவும் சென்னை மாகாணத்தில், முதல் தலைமுறை ஆட்டக்காரர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்? ஆட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டில் அடுப்பு எரிந்தது எதனால்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வந்து நிற்கிற ஆள் எம்.ஜே. கோபாலன். கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர்.

முதலில் நான்கு வழிகள்

கோபாலனுக்குப் போகும் முன்னால் பின்னணி கொஞ்சம் வேண்டும். இந்தியாவில் கிரிக்கெட் ஆடிப் பிழைக்க அந்தக் காலத்தில் ஏறக்குறைய நான்கு வழிகள் இருந்தன.

ஒன்று, பிழைப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத வீட்டில் பிறப்பது. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சிபாபு நாயுடு இந்த வகை. 1846ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியர்களுக்கு இடமில்லை. 'அப்படியா, நாங்களே ஒன்று ஆரம்பிக்கிறோம்' என்று 1888ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உருவாக்கியவர். கைக்காசு போட்டு ஆடினார், மற்றவர்களையும் ஆட வைத்தார்.

இரண்டு, மைதான வேலைக்குப் போய் அதன் வழியாக ஆட்டத்துக்குள் நுழைவது. பல்வங்கர் பாலு இதற்குப் பெரிய உதாரணம். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த பாலு, புனேயில் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளம் உருட்டுவது, வலை கட்டுவது என்று வேலை பார்த்தார். துரைமார்கள் பேட்டிங் பழகுவதற்கு மணிக்கணக்காகப் பந்து வீசினார். அவருக்கு யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. அந்த ஆள்தான் 1911ல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார்.

மூன்று, சமஸ்தானம். மகாராஜா கூப்பிட்டுப் படையிலோ அரண்மனையிலோ ஒரு பதவி கொடுப்பார், ஆட்டக்காரர் மகாராஜாவின் அணிக்கு ஆடுவார். சி.கே. நாயுடு இந்தூர் ஹோல்கர் சமஸ்தானத்துக்குப் போனது இப்படித்தான். 'கர்னல்' சி.கே. நாயுடு என்கிறோமே, அந்தக் கர்னல் பட்டம் ஹோல்கர் படையில் கிடைத்தது.

நான்கு, கம்பெனி. இதுதான் சென்னை வழி, கோபாலன் வழி.

இதில் எதிலுமே 'நீ ஆடு, ஆடுவதற்குச் சம்பளம்' என்ற நேரடி ஒப்பந்தம் கிடையாது. நேரடியான ஒப்பந்தம் வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். ஜாம்நகர் வேகப்பந்து வீச்சாளர் அமர்சிங் அப்படித் தாண்டியவர். லங்காஷயர் லீகில் கோல்ன் என்ற ஊர் அணிக்குச் சம்பளத்துக்கு ஆடினார்.

நம்ம செட்டிநாட்டு வழக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். பர்மா, மலேயா என்று கொண்டு விற்கப் போன கடைகளுக்கு ஊரிலிருந்து ஆள் எடுக்கும்போது, இத்தனை வருஷம், இவ்வளவு சம்பளம் என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வார்கள். கணக்கு முடிந்தால் ஊர் திரும்பலாம். ஜார்ஜ் ரைட்டுக்கும் அமர்சிங்குக்கும் இருந்தது அந்த மாதிரி ஒரு எழுத்து. கோபாலனுக்கு ஆட்டத்தைப் பொறுத்தவரை எழுத்து எதுவும் இல்லை. இருந்தது ஒரு ஆபீஸ் வேலை, அதற்கு மேல் ஒரு துரையின் நல்லெண்ணம்.

திருவல்லிக்கேணிப் பையன், பர்மா ஷெல் உத்தியோகம்

மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன். முதல் எழுத்து ஊரைக் குறிக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909 ஜூன் 6ஆம் தேதி பிறந்தார் என்பது பதிவு. வளர்ந்தது திருவல்லிக்கேணி. சேப்பாக்கம் மைதானத்துக்கு நடந்தே போகிற தூரம். கிரிக்கெட் மட்டுமில்லை, ஹாக்கியும் தெருவிலேயே கிடைக்கிற வட்டாரம்.

அவரைக் கண்டுபிடித்து மேலே கொண்டுவந்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் படித்தவர், இங்கிலாந்தில் கென்ட் அணிக்கு ஆடியவர், சென்னையில் பர்மா ஷெல் கம்பெனி அதிகாரி. பையனின் வேகப்பந்தைப் பார்த்தவர், தன் கம்பெனியிலேயே ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

பர்மா ஷெல் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1928ல் இந்தியாவில் பெட்ரோல், மண்ணெண்ணெய் விற்பதற்காக பர்மா ஆயில், ஷெல் தரப்புகள் கூட்டாக உருவாக்கிய கம்பெனி. 1976ல் அரசுடைமை ஆனது. இன்றைக்கு நாம் பெட்ரோல் போடுகிற பாரத் பெட்ரோலியம் பங்க் அதன் வாரிசுதான். நம்ம ஊர்ப் பெரிய வீடுகளின் தேக்குத் தூண்களும், அந்த வீடுகளுக்கு ராத்திரி வெளிச்சம் கொடுத்த மண்ணெண்ணெயும், கோபாலனின் மாதச் சம்பளமும் ஏதோ ஒரு வகையில் பர்மாவைத் தொட்டுத்தான் வந்தன என்று நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

இந்தக் கம்பெனி வேலை ஜார்ஜ் ரைட்டின் பூங்கா முகவரி மாதிரி இல்லை. நிஜமான வேலை, நிஜமான சம்பளம். ஆட்டத்துக்குப் போக லீவு கிடைக்கும் என்பதுதான் சலுகை. அந்தச் சலுகை எவ்வளவு பெரிசு என்று இப்போது நமக்கு உறைக்காது. அப்போது வெளிநாட்டுப் பயணம் என்றால் கப்பல். போக வரவே வாரக்கணக்கு, ஆட்டம் மாதக்கணக்கு. நாலைந்து மாதம் ஆபீஸ் பக்கமே வராதவனுக்கு நாற்காலியை வைத்திருக்கிற முதலாளி இல்லையென்றால், திறமை எவ்வளவு இருந்தாலும் நடுத்தரக் குடும்பத்துப் பையன் கப்பல் ஏற முடியாது.

சென்னையில் அப்போது பெரிய ஆட்டம் என்றால் பொங்கல் சமயத்தில் நடக்கும் பிரசிடென்சி ஆட்டம். ஒரு பக்கம் ஐரோப்பியர், இன்னொரு பக்கம் இந்தியர். கோபாலன் 1926-27 சீசனில் இந்தியர் அணியில் முதல்தர ஆட்டத்துக்குள் வந்தார். பதின்ம வயசு.

1934: மூன்று மாசம், ஒரு முதல் பந்து

கோபாலனின் வாழ்க்கையில் 1934 முக்கியமான வருஷம். தேதிவாரியாகப் பார்ப்போம்.

ஜனவரி 5 முதல் 8 வரை, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியோடு இரண்டாவது டெஸ்ட். கோபாலனுக்கு முதல் டெஸ்ட். முஷ்டாக் அலி, சி.எஸ். நாயுடு, திலாவர் உசேன் ஆகியோருக்கும் இதுதான் முதல் டெஸ்ட். கோபாலன் முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 11, இரண்டாவதில் 7. பந்துவீச்சில் 39 ரன் கொடுத்து ஒரு விக்கெட். ஆட்டம் டிரா.

பிப்ரவரி 10 முதல் 13 வரை, சென்னை சேப்பாக்கம். சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் இது. கோபாலன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அந்த அணியில் கோபாலன் இல்லை. இங்கிலாந்து 202 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அவர்கள் பக்கம் ஹெட்லி வெரிட்டி 11 விக்கெட்.

நவம்பர் 4, மறுபடி சேப்பாக்கம். ரஞ்சி கோப்பை என்ற புதுப் போட்டியின் முதல் ஆட்டம். சென்னையும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் கோபாலன், எதிர்கொண்டவர் மைசூரின் கர்டிஸ். இன்று வரை இந்தியாவில் ஆடப்படுகிற ரஞ்சி கோப்பையின் வரலாறு அந்தப் பந்தில் ஆரம்பிக்கிறது. மைசூர் 48க்கும் 59க்கும் சுருண்டது, சென்னை எடுத்தது 130. ஒரு இன்னிங்ஸ், 23 ரன் வித்தியாசத்தில் வெற்றி. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது! அமிர்தசரஸில் பிறந்து சென்னைக்காரராகவே ஆகிவிட்ட ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார்.

கணக்குப் பாருங்க. ஜனவரியில் டெஸ்ட் ஆட்டக்காரர், பிப்ரவரியில் சொந்த ஊர் டெஸ்டில் இடமில்லை, நவம்பரில் அதே மைதானத்தில் சரித்திரத்தின் முதல் பந்து. பிப்ரவரியில் விட்டுப்போன அந்த வாய்ப்பு அவருக்குத் திரும்பி வரவே இல்லை. சேப்பாக்கத்தில் கோபாலன் டெஸ்ட் ஆடியதே கிடையாது.

ஹாக்கி மட்டையும் கையில்

இதற்கு நடுவில்தான் ஹாக்கி. 1935ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பயணம் போனது. தலைவர் தியான் சந்த். அணியில் கோபாலன். அந்தப் பயணத்தின் எண்களைப் பார்த்தால் ஏதோ அச்சுப் பிழை என்று தோன்றும். 48 ஆட்டம், 48 வெற்றி. போட்ட கோல் 584. ஆட்டத்துக்குச் சராசரி பன்னிரண்டு. அதில் தியான் சந்த் மட்டும் 201.

ஒரு ஆள் ஒரே சமயத்தில் இரண்டு விளையாட்டில் நாட்டுக்காக ஆடுவது அபூர்வம். இதில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. அதே தலைமுறையில் இன்னொருவரும் சென்னைக்காரர்தான். கோட்டா ராமசாமி, புச்சிபாபுவின் மகன். 1922ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர், 1936ல் தன் நாற்பதாவது வயசில் மான்செஸ்டரில் முதல் கிரிக்கெட் டெஸ்ட் ஆடி 40, 60 என்று அடித்தார்.

ராமசாமிக்கும் கோபாலனுக்கும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். ராமசாமி பிறந்தது கிரிக்கெட் வீட்டில், வசதியான வீட்டில். கோபாலன் பின்னால் இருந்தது கம்பெனி லீவு. அதனால் அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு விலை உண்டு.

1936: இரண்டு கப்பல், ஒரு ஆள்

கோபாலன் கதையில் எல்லாரும் சொல்லும் இடம் இது. 1936ல் இரண்டு அழைப்புகள். ஒன்று பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி அணி. இன்னொன்று விஜயநகரம் மகாராஜ்குமார், அதாவது 'விஸ்ஸி' தலைமையில் இங்கிலாந்து போகிற கிரிக்கெட் அணி. இரண்டுக்கும் போக முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

நடந்தது என்ன? ஹாக்கி அணி தங்கம் வென்றது. கிரிக்கெட் அணி மூன்று டெஸ்டில் இரண்டைத் தோற்று, ஒன்றை டிரா செய்தது. போதாக்குறைக்கு லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பியது, அணிக்குள் கோஷ்டிப் பூசல் என்று ஏகப்பட்ட கசப்பு. கோபாலனுக்கு மூன்று டெஸ்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

தேதிகளை ஒட்டிவைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பெர்லின் ஹாக்கி இறுதி ஆட்டம் மழையால் ஒருநாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. இந்தியா ஜெர்மனியை 8-1 என்று அடித்தது. லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியதும் அதே 1936 ஆகஸ்ட் 15. ஒரே நாளில் ஒரு ஊரில் அவர் விட்டுவிட்டு வந்த அணி தங்கத்துக்கு ஆடுகிறது. இன்னொரு ஊரில் அவர் நம்பி வந்த அணி அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டெஸ்ட் ஆடுகிறது. அந்த ஓவல் டெஸ்டில் புதிதாக இடம் கிடைத்தவர் பாகா ஜிலானி, அவரும் மிதவேகப்பந்து வீசுகிறவர். காலைச் சாப்பாட்டு மேஜையில் சி.கே. நாயுடுவை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியதற்குப் பரிசாகத்தான் விஸ்ஸி அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தார் என்று ஒரு கதை கிரிக்கெட் உலகத்தில் ரொம்ப காலமாகச் சொல்லப்படுகிறது.

இதை வைத்து 'கோபாலன் தப்பாக முடிவெடுத்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விளைவைப் பார்த்து முடிவை எடைபோடுவது சரியான கணக்கு இல்லை. முடிவெடுத்த நாளில் அவர் முன்னால் என்ன இருந்தது என்று பார்க்கணும்.

ஹாக்கியில் தங்கம் ஏறக்குறைய நிச்சயம். 1928லும் 1932லும் இந்தியாதான் தங்கம், 1935 பயணத்தில் தோல்வியே இல்லை. ஆனால் ஒலிம்பிக்ஸ் நாலு வருஷத்துக்கு ஒருமுறை. ஊரில் ஹாக்கி பார்க்க வருகிற கூட்டமும் பத்திரிகைகள் ஒதுக்கும் இடமும் கிரிக்கெட்டுக்குக் கிடைப்பதில் ஒரு பங்குதான். கிரிக்கெட் பக்கம் பார்த்தால், ஏற்கனவே ஒரு டெஸ்ட் ஆடியாகிவிட்டது. வயசு 27, வேகப்பந்து வீச்சாளனுக்கு நல்ல பருவம். இங்கிலாந்து மைதானங்களில் மிதவேகப்பந்துக்கு ஈரமும் காற்றும் துணை நிற்கும். இந்திய அணி அதிகாரபூர்வ டெஸ்ட் அணியாக இங்கிலாந்து போவதே அதுதான் இரண்டாவது முறை. அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? உண்மையில் அது பத்து வருஷம் கழித்து 1946ல்தான் வந்தது. அப்போது கோபாலனுக்கு வயசு 37.

வேலை கொடுத்தவரையும் மறக்கக் கூடாது. கோபாலனை வளர்த்துவிட்ட ஜான்ஸ்டன் கிரிக்கெட்காரர். இந்த வட்டத்தில் ஒரு ஆள் மேலே வருவது கிரிக்கெட் வழியாகத்தான். 'இரண்டில் எது பெரிசு' என்ற கேள்விக்கு அன்றைய சென்னையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும்.

அந்த ஒரு வரிக் கணக்கு

இணையத்தில் எந்தக் கிரிக்கெட் தளத்தில் தேடினாலும் கோபாலன் பெயருக்கு எதிரே வருவது இதுதான்: 1 டெஸ்ட், 18 ரன், 1 விக்கெட். இதைப் பார்க்கிறவன் 'ஒரு மேட்ச் ஆடிவிட்டுக் காணாமல் போனவர் போல' என்றுதான் நினைப்பான். தரவுத்தளத்தோடு தினமும் மாரடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு எண்ணைப் படிப்பதற்கு முன்னால் அது எதில் எவ்வளவு என்று கேட்கணும்.

1932ல் இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பித்தது. அந்த வருஷம் லார்ட்ஸில் 1. 1933-34ல் இந்தியாவில் 3. 1936ல் இங்கிலாந்தில் 3. இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் இந்தியா ஆடிய மொத்த டெஸ்டே ஏழுதான்! 1939-40ல் வரவேண்டிய இங்கிலாந்து அணியின் பயணம் போரால் ரத்தானது. கோபாலனின் இருபதுகளும் முப்பதுகளின் பெரும்பகுதியும் இந்த ஏழு டெஸ்டுக்குள் அடங்கிவிட்டன. இப்போது இந்திய அணி ஒரே சீசனில் அதைவிட அதிகமாக ஆடுகிறது. ஏழில் ஒன்று என்று படித்தால் அந்த '1' வேறு மாதிரித் தெரிகிறது இல்லையா?

உள்ளூர்க் கணக்கும் அப்படித்தான். 1926-27ல் தொடங்கி 1951-52 வரை, இருபத்தைந்து வருஷம் முதல்தர கிரிக்கெட் ஆடினார். மொத்த ஆட்டம் எண்பதைத் தொடவில்லை. வருஷத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ரஞ்சி கோப்பை அப்போது தோற்றால் வெளியே என்ற முறையில் நடந்தது. முதல் சுற்றில் தோற்றுவிட்டால் அந்த வருஷ ரஞ்சி அதோடு சரி. வருஷத்துக்கு மூன்று ஆட்டத்துக்காக ஒருவர் இருபத்தைந்து வருஷம் உடம்பை வேகப்பந்துக்குத் தயாராக வைத்திருந்தார், மீதி நாளெல்லாம் ஆபீஸ் போனார். இந்த இடைவெளியிலும் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவாக விக்கெட், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ரன். சென்னை அணிக்குத் தலைவராகவும் இருந்தார். பிற்பாடு இந்திய அணித் தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்தார்.

ஜார்ஜ் ரைட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சம்பளம் வாங்கி ஆடிய ரைட்டுக்குச் சீசன் முழுக்க ஆட்டம், அதுவே தொழில். விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்றையும் தொடங்கிப் பெரிய ஆள் ஆனார். ஆட்டமே அவருக்கு மூலதனம். கோபாலனுக்கு ஆட்டம் கொடுத்தது பெயர், சோறு போட்டது எண்ணெய்க் கம்பெனி.

இங்கிலாந்திலும் நிலைமை விசித்திரம்தான். அங்கே சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்கு 'பிளேயர்ஸ்' என்று பெயர், சும்மா ஆடுகிறவர்களுக்கு 'ஜென்டில்மென்'. உடை மாற்றுகிற அறையே தனித்தனி. 1962ல்தான் அந்தப் பிரிவினையை ஒழித்தார்கள். கோபாலனை இதில் எந்தப் பெட்டியில் போடுவது? ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்காததால் ஜென்டில்மேன். மாதச் சம்பளம் இல்லாமல் வாழ முடியாததால் ஜென்டில்மேனும் இல்லை. நம்ம ஊரில் அதற்கு ஒரு மூன்றாவது பெட்டி செய்தார்கள். அதன் பெயர் கம்பெனி வேலை.

அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது

ஜான்ஸ்டன் கோபாலனுக்குச் செய்தது ஒரு தனி மனிதரின் உதவி. ஆனால் அந்த முறைதான் பிறகு ஒரு ஏற்பாடாகவே மாறியது. ரயில்வே, ஸ்டேட் வங்கி, பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியா சிமென்ட்ஸ் என்று எத்தனையோ நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தின. 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்று நாம் சொல்வதன் தாத்தா அதுதான். 2008ல் ஐ.பி.எல். வரும் வரைக்கும் இந்தியாவில் ரஞ்சி ஆடுகிற பெரும்பாலானவர்களுக்கு மாசாமாசம் வருகிற வருமானம் ஏதோ ஒரு வங்கியிலிருந்தோ ரயில்வேயிலிருந்தோ வந்ததுதான். கிரிக்கெட்டை விடுங்கள், ஹாக்கி, கபடி, தடகளம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இன்றும் கனவு அந்த வேலைதான்.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நல்லது, ஆட்டம் முடிந்தாலும் வேலை இருக்கும், பென்ஷன் வரும். முழங்கால் போனாலும் குடும்பம் தெருவுக்கு வராது. கெட்டது, ஆட்டக்காரன் எப்போதும் யாரோ ஒருவரின் தயவில் இருக்கிறான். லீவு கொடுக்கிறவருக்கு எந்த ஆட்டம் பிடிக்குமோ அந்த ஆட்டம்தான் பெரிசு. 1936ல் ஹாக்கிக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஏற்றத்தாழ்வு இன்றைக்குக் குறையவில்லை, பல மடங்கு கூடியிருக்கிறது. ஒலிம்பிக் பதக்கத்தோடு வருகிற ஹாக்கி வீரரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர்கள் தங்கும் இடம்

கோபாலன் பெயரில் ஒரு கோப்பை உண்டு. 1952-53 சீசனில் தொடங்கி, சென்னைக்கும் சிலோனுக்கும் நடுவே நடந்த கோபாலன் கோப்பை. சிலோனுக்கு அப்போது டெஸ்ட் தகுதி கிடையாது, அது 1982ல்தான் முதல் டெஸ்ட் ஆடியது. அதற்கு முன்னால் அவர்களுக்குக் கிடைத்த ஒழுங்கான முதல்தர ஆட்டங்களில் இந்தக் கோப்பை முக்கியமானது. ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவரின் பெயர் இன்னொரு நாடு டெஸ்ட் அணியாக வளர்வதற்கு ஒரு படியாக இருந்திருக்கிறது.

அவர் முதல் ரஞ்சி பந்தை வீசிய சேப்பாக்கம் மைதானம் இன்று எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியம். கானாடுகாத்தான் அரண்மனை வீட்டுப் பிள்ளை, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன், 1960களின் தொடக்கத்தில் இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர். நம்ம வட்டாரத்துப் பெயர் அந்த வாசலில் இருப்பதில் நமக்குப் பெருமைதான். ஆட்டத்துக்கு இடமும் பணமும் நிர்வாகமும் கொடுத்தவர்கள் இல்லையென்றால் ஆட்டமே இல்லை. ஆனால் மேட்ச் பார்க்க அங்கே போகிற நம்மவர்கள், அந்தப் புல்தரையில் முதல் ரஞ்சி பந்தைப் போட்டவன் பக்கத்துத் திருவல்லிக்கேணியில் இருந்து நடந்து வந்த ஒரு எண்ணெய்க் கம்பெனி ஊழியன் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கோபாலன் 2003 டிசம்பர் 21ஆம் தேதி சென்னையில் காலமானார். வயசு 94. அப்போது உலகத்தில் உயிரோடு இருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களிலேயே மூத்தவர் அவர்தான். ஜார்டினுக்கு எதிராக ஆடியவர் டெண்டுல்கர் ஆடுவதையும் பார்க்கும் வரை இருந்திருக்கிறார்.

ஜார்ஜ் ரைட்டின் ஆட்டங்களைப் பற்றி அமெரிக்காவில் ஆட்டம் ஆட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள், அவர் வாங்கிய சம்பளம் உட்பட. நம்ம பக்கம் ஸ்கோர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. யாருக்கு எந்தக் கம்பெனி வேலை கொடுத்தது, எத்தனை நாள் லீவு, போன நாட்களுக்குச் சம்பளம் உண்டா பிடித்தமா என்பதெல்லாம் பழைய ஆபீஸ் கோப்புகளிலும் வீட்டு டிரங்குப் பெட்டிகளிலும்தான் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது ரயில்வேக்கோ வங்கிக்கோ மில்லுக்கோ ஆடியவர் என்றால், அவர் எத்தனை கோல் போட்டார், எத்தனை விக்கெட் எடுத்தார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆட்டத்துக்குப் போன நாளில் சம்பளம் வந்ததா என்றும் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வையுங்கள்.